நான்கு அங்குல ஒயர்

வியாசர்பாடி
3-3-2000

தம்பி வல்லரசுக்கு அக்கா எழில்மொழியின் ஜெய்பீம்.

நீ திருநெல்வேலிக் கிளைக்குப் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. வந்து சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. அப்பா தினமும் தபால்காரரை மறித்துக் கேட்டுக் கேட்டு, இப்போது அவர் நம் பிளாக்கைச் சுற்றிக்கொண்டு போகிறார். பெரிய ஆள் ஆகிவிட்டாய், தெரியும். அதற்காக இப்படியா?

கடையில் உன் பேச்சுதான். போன வெள்ளிக்கிழமை வேலூரில் எட்டாவது கிளை திறந்தாயிற்று. தீபாவளிக்குள் பதினாலு என்று தங்கப்பாண்டி அண்ணாச்சி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். நம் இரண்டு பேரையும் அவர் வேலைக்கு எடுத்தபோது என்ன இருந்தது? வண்ணாரப்பேட்டையில் அவர் அப்பா மாசானம் பேரில் ஒரு பாத்திரக் கடை, அதன் மாடியில் நாலு கம்ப்யூட்டர். இன்றைக்கு ‘மாசானம் கம்ப்யூட்டர் பஜார்’ என்றால் இராயபுரத்தில் ஷேர் ஆட்டோக்காரர்கள் அதையே ஸ்டாப்பிங் பேராகக் கூவுகிறார்கள். சனிக்கிழமை வந்தால் குடும்பம் குடும்பமாக வந்து வரிசையில் நிற்கிறார்கள். புகார் மேஜையில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை.

அண்ணாச்சி உன் போட்டோவைக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறார். ‘கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டா சுர்ருங்குதுன்னு வந்து நின்ன கூட்டத்தை ஒரு துண்டு ஒயரால் விரட்டின பயல்’ என்று எல்லாருக்கும் காட்டுகிறார். புதிதாக அச்சடித்த இன்ஸ்டலேஷன் சீட்டில் ‘எர்த் இல்லாத வீடு: வ. ஒயர் போடப்பட்டது’ என்று ஒரு கட்டமே வந்துவிட்டது. வ. என்றால் வல்லரசு. டிக் அடித்து, போட்டவர் கையெழுத்து போட வேண்டும். எட்டுக் கிளையிலும் இதே சீட்டுதான்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். நேற்று விம்கோ நகரிலிருந்து கிருஷ்ணப்பன் என்று ஒருவர் வந்தார். லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மகனுக்காக நம்மிடம் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். சாக்கெட்டைத் திறந்து உன் ஒயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார்.

“யம்மா, இத்த எவன் போட்டது? மெயின்ல ரெண்டு ஒயரும் என்னிக்காச்சும் மாறிச்சின்னு வெச்சிக்க, பொட்டி மொத்தமும் கரண்டாய்க்கினு நிக்கும். சுவிட்ச அணைச்சாலும் நிக்கும்” என்றார்.

நான் சிரித்துச் சமாளித்து அனுப்பிவிட்டேன். அவர் பேச்சில் கோபம் கொஞ்சம்கூட இல்லை தம்பி, அதுதான் என்னவோ செய்கிறது. அதெல்லாம் ஒன்றுமில்லை அக்கா என்று உடனே ஒரு கார்டு போடு.

எழில்


திருநெல்வேலி ஜங்ஷன்
12-3-2000

அக்காவுக்கு ஜெய்பீம்.

அதெல்லாம் ஒன்றுமில்லை அக்கா. கார்டு கேட்டாய், கவரே போடுகிறேன்.

அந்தப் பெரியவருக்கு நீ சொல்ல வேண்டிய பதில் இது. சாக்கெட்டில் மூன்று ஓட்டை. ஒன்று பேஸ், கரண்ட் வருவது. ஒன்று நியூட்ரல், திரும்பிப் போவது. மேலே இருக்கிற பெரிய ஓட்டை எர்த், மண்ணுக்குப் போவது. நம் பக்கத்தில் பாதி வீட்டில் எர்த்தே கிடையாது, வெறும் ஓட்டைதான். அதனால்தான் இரும்புப் பெட்டியைத் தொட்டால் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். நான் என்ன செய்தேன்? நியூட்ரலிலிருந்து எர்த் ஓட்டைக்கு நாலு அங்குல ஒயர் போட்டேன். கடி நின்றது. நியூட்ரலைத் தொட்டால் ஷாக் அடிக்காது. டிரான்ஸ்பார்மரிலேயே அதை மண்ணோடுதான் சேர்த்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

பேஸும் நியூட்ரலும் தானாக எழுந்து இடம் மாறி உட்காருமா? எவனாவது மாற்றினால்தான் உண்டு. எவன் மாற்றுவான்? முப்பது வருஷம் போஸ்ட் மரத்தில் ஏறியவருக்கு எதைப் பார்த்தாலும் சாவுதான் தெரியும், அவர் மேல் தப்பில்லை.

இங்கே என்னை வாத்தியார் மாதிரி நடத்துகிறார்கள். ஒன்பது பேருக்கு வேலை சொல்லிக் கொடுத்துவிட்டேன். அஜின் என்று நாகர்கோவில்காரன் ஒருவன், என்னைவிட வேகமாக ஒயர் போடுகிறான். ஒரு நாளைக்கு எட்டு வீடு. புகார் ஒன்றுகூட இல்லை என்று அண்ணாச்சி போன் போட்டுச் சொன்னார்.

அப்பாவிடம் சொல், நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். ஒரு மாதத்தில் அவருக்கு ஒரு கண்ணாடி வாங்க வேண்டும், நீ கூட்டிக்கொண்டு போ.

அந்த ஒயரை அவர் உன் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாரா? இருந்தால் தூக்கிப் போட்டுவிடு.

வல்லரசு


வியாசர்பாடி
2-2-2001

தம்பிக்கு ஜெய்பீம்.

பொங்கலுக்கு வருவாய் என்று பார்த்தோம். வரவில்லை. கிளையை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு என்றாயாம். இங்கே அந்த உத்தரவு போடுகிறவர் முகத்தைப் பார்த்தால் உனக்கே பாவமாக இருக்கும்.

பதினாலு கிளை திறந்த கையோடு வேலூரும் காஞ்சிபுரமும் மூடியாயிற்று. காரணம் யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். அண்ணாச்சி பாத்திரக்காரர். ஆடியில் விலை இறங்கும்போது லாரி லாரியாக வாங்கிக் குடோனை நிரப்பி, ஐப்பசியில் முகூர்த்த நாள் வரும்போது விற்றுப் பழகியவர். அதே புத்தியில் மாதவரம் குடோன் கூரை வரைக்கும் மானிட்டரும் பெட்டியும் வாங்கி அடுக்கினார். எவர்சில்வர் குடம் பத்து வருஷம் கிடந்தாலும் குடம்தான். இது நாலு மாதம் கிடந்தால் பழசு. இப்போது அவர் வாங்கின விலைக்கும் கீழே மவுண்ட் ரோடு பக்கத்துச் சந்தில் புதுசு கிடைக்கிறது. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ஏசியில் நின்று விலை விசாரித்துவிட்டு அங்கே போய் வாங்குகிறார்கள்.

பொங்கலுக்கு முன்னால் நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு முறை அண்ணாச்சியின் கண்ணாடி அறைக் கதவு திறக்கும்போதும் என் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று பேனாவை மூடி வைக்கிறேன். உன்னையாவது விட்டு வைத்தால் சரி.

கிருஷ்ணப்பன் மறுபடி வந்தார். நீ எழுதிய பதிலை அப்படியே ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டு, “அந்தப் பையன் இன்னா படிச்சிருக்கான்?” என்றார். ஐ.டி.ஐ. என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

எழில்


வியாசர்பாடி
18-9-2001

வல்லரசு,

இரண்டு ஒயரும் மாறிவிட்டது.

விம்கோ நகரில் ஏழு குடித்தனம் இருக்கிற ஒரு காம்பவுண்டு. போன வார மழையில் மெயின் ஒயர் எரிந்துபோனது. வீட்டுக்காரர் கூப்பிட்டுக்கொண்டு வந்த யாரோ ஒரு வயர்மேன் புது ஒயர் போடும்போது பேஸையும் நியூட்ரலையும் மாற்றி முறுக்கிவிட்டுப் போய்விட்டான். லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதில் ஒரு வீட்டில் நம் கம்ப்யூட்டர். சீனியம்மாள் என்கிற அந்த வீட்டம்மா ஈரக் காலோடு பெருக்கிக்கொண்டு போய்ப் பெட்டியைக் கையால் நகர்த்தியிருக்கிறார். தூக்கி எதிர்ச் சுவரில் அடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிர் இருக்கிறது, வலது கை தூக்க வரவில்லை. சுவிட்ச் அணைத்துத்தான் இருந்தது.

கிருஷ்ணப்பன் போய் ஒயரை வெட்டிக்கொண்டு வந்து என் மேஜையில் போட்டார். “நான் சொன்னப்ப சிரிச்சியே” என்றார். அவ்வளவுதான், உட்காரக்கூட இல்லை.

அவரிடம் பிறகு கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டேன். ஒயர் மாறிவிட்டால் உன் நியூட்ரல்தான் பேஸ். அது நேராகப் பெட்டிக்கு வந்துவிடுகிறது. சுவிட்ச் இருப்பது வேறு ஒயரில், அதனால் அணைத்தாலும் பிரயோஜனமில்லை. ப்ளக்கைப் பிடுங்கினால்தான் உண்டு. ப்ளக்கை யார் பிடுங்குகிறார்கள்?

பழைய வீடு, மழை, உப்புக் காத்து. இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் மெயின் ஒயர் எரியாமல் இருக்கிறது? நீ போட்டது எத்தனை, மற்றவர்கள் போட்டது எத்தனை? எனக்குச் சொல். இரவெல்லாம் வீடுகளை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

எழில்


திருநெல்வேலி
24-9-2001

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துப் போடு. அப்பா கண்ணில் படக் கூடாது. போனில் பேசலாம் என்று பூத்துக்குப் போனேன், பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், என்ன பேசுவது?

அந்தம்மா பிழைத்துக்கொண்டார் இல்லையா? அப்படியென்றால் இதை இத்தோடு விடு. உன் காலில் விழுகிறேன். சீட்டில் என் கையெழுத்து. கட்டத்தில் என் பேர். அண்ணாச்சி நாளைக்கே ‘அந்தப் பயல்தான் செஞ்சான், எனக்கு என்ன தெரியும்’ என்று கையை விரித்துவிடுவார். என்னைத்தான் பிடிப்பார்கள். வியாசர்பாடிப் பையன் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் எப்படி விசாரிப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர் என்ன படிப்பு என்று கேட்டாராமே. நான் ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷம்தான் போனேன், உனக்குத் தெரியும். எர்த்திங் பாடம் இரண்டாம் வருஷத்தில். டிரான்ஸ்பார்மரில் இரண்டும் சேரும் என்பது யாரோ டீக்கடையில் சொன்னது. அதைக் கேட்டுத்தான் ஒயர் போட்டேன். கடி நின்றதும் நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன். போட்டோ மாட்டின பிறகு யாரிடமும் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. இங்கே மட்டும் முந்நூறு வீட்டுக்கு மேல் இருக்கும். சும்மா இரு அக்கா. எல்லா வீட்டிலும் ஒயர் மாறாது. ஒன்றும் ஆகாது.

வல்லரசு


வியாசர்பாடி
4-10-2001

வல்லரசு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதை நாலு தரம் படித்தேன். நாலு தரமும் உன் பேரும் உன் கையெழுத்தும்தான் இருந்தது, சீனியம்மாள் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. என் தம்பியா இது என்று இருந்தது.

திட்ட நேரமில்லை. போன வாரம் அண்ணாச்சி ஆயுத பூஜை விற்பனைக்கு நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்தார். முன்பக்கம் ஒரு கம்ப்யூட்டர், அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை. ‘இந்த வருஷம் உங்கள் வீட்டு ஆயுதம் இதுதான்’ என்று போட்டிருக்கிறது. அதைக் கையில் வாங்கியதும்தான் எனக்கு உறைத்தது. நம் வீட்டில் பூஜை கிடையாது, அதனால் உனக்கும் எனக்கும் இத்தனை நாள் தோன்றவில்லை. வருகிற இருபத்தைந்தாம் தேதி ஊரில் அத்தனை வீட்டிலும் சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரத் துணியால் அந்தப் பெட்டியைத் துடைக்கப் போகிறார்கள். வெறுங்காலோடு. அப்புறம் ஈரச் சந்தனத்தை விரலால் தொட்டு வைக்கப் போகிறார்கள். எல்லா வீட்டிலும் ஒரே நாளில்.

நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணாடி அறைக்குள் போய்ச் சொன்னேன். எல்லாரையும் ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லிப் பேப்பரில் போடுங்கள் என்றேன். அண்ணாச்சி கதவைச் சாத்தினார். “ஏம்மா எழிலு, அஞ்சு கடைதான் மிச்சம். இந்த ஒரு விற்பனையில தப்பிச்சாத்தான் உண்டு. இப்பப் போயி எங்க பெட்டி ஆளைக் கொல்லும்னு என்னையே தண்டோரா போடச் சொல்லுதியா?” என்றார். சீனியம்மாளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு தருவதாகச் சொன்னார். மற்றது சாமி விட்ட வழி என்றார்.

அதனால் நானே எடுத்துவிட்டேன். இராயபுரம், திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டை மூன்று கிளையின் சீட்டும் என் பீரோவில்தான் இருந்தது. சாப்பாட்டுப் பையில் வைத்து மூன்று நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டம் வருவதற்கு முன்னால் ஒயர் போட்டதாகக் கையால் எழுதிய பழைய சீட்டும், கட்டத்தில் டிக் போட்டதும் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு. அம்மை போட்டிருக்கிறது என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கிருஷ்ணப்பன் கூட வருகிறேன் என்றார். மெயினை அணை, ப்ளக்கைப் பிடுங்கு, சாக்கெட்டைத் திற, வெட்டு. இரண்டே நாளில் எனக்கும் கை பழகிவிட்டது. சில வீட்டில் உள்ளே விடுவதில்லை. “கடிக்குதுன்னுதானே போட்டீங்கோ, இப்ப இன்னாத்துக்குப் புடுங்கறீங்கோ?” என்று சண்டைக்கு வருகிறார்கள்.

இருபது நாளில் நானூற்றுப் பன்னிரண்டு முடியாது. அதனால் பேரைப் பார்த்துச் சீட்டைப் பிரித்துவிட்டேன். பூஜை போடுகிற வீடு முந்நூற்று நாற்பத்தொன்று, அவை முதலில். கிறிஸ்தவர், முஸ்லிம் வீடு எழுபத்தொன்று, அவர்கள் அன்றைக்குத் துடைக்கப் போவதில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன் பக்கம் நீ என்ன செய்யப் போகிறாய்?

எழில்


திருநெல்வேலி
13-10-2001

அக்கா,

நீ எழுதியதில் எனக்கு வலிக்காத வரி ஒன்றுமில்லை. சரிதான், எல்லாம் சரிதான்.

கடிதம் வந்த அன்றைக்கே அஜினிடம் சொல்லிவிட்டேன். அவன் ஆடிப்போய்விட்டான். நான் சொல்லிக் கொடுத்த ஒன்பது பேரில் நாலு பேர்தான் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், அவர்களும் வருகிறார்கள். சர்வீஸ் செக்கிங் என்று பொய் சொல்லி வீட்டுக்குள் போகிறோம். நீ சொன்ன மாதிரியே சீட்டைப் பிரித்தோம், நல்ல யோசனை. இங்கே பாளையங்கோட்டைப் பக்கம் பாதி கிறிஸ்தவ வீடு, அவையெல்லாம் குறைந்துவிட்டதால்தான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

பெட்டியில் டெஸ்டரை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் என் கண்ணை நானே மூடிக்கொள்கிறேன். முந்தாநாள் வரை எரியவில்லை. நேற்று டவுனில் ஒரு வீட்டில் எரிந்தது. பிரகாசமாக எரிந்தது அக்கா. அந்தப் பெட்டி மேல் பால் டம்ளர் வைத்திருந்தது. சின்னப் பிள்ளை டம்ளர். நான் ஒயரை வெட்டிவிட்டு வெளியே வந்து சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தேன். அந்த வீட்டுக்காரர் வெயில் என்று நினைத்து மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நீ தனியாகப் போகாதே, பெரியவரைக் கூட்டிக்கொண்டே போ. அவருக்கு என் வணக்கம் சொல். அவர் ஏற்காவிட்டாலும் சொல்.

வல்லரசு


வியாசர்பாடி
27-10-2001

தம்பி,

நேற்று பூத்திலிருந்து உன் கிளைக்குப் போன் போட்டேன். ஹலோ என்றாய். வைத்துவிட்டேன். அது நான்தான்.

முந்நூற்று நாற்பத்தொன்றும் முடித்தோம். புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் கடைசி வீடு. கிருஷ்ணப்பன் தெருமுனையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, “பொழச்சிட்டாங்கோ” என்றார். வியாழக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, அப்பாவுக்கு இட்லி வைத்துவிட்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு வாசலில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். தெருவெல்லாம் பூசணிக்காய் உடைக்கிற சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது தம்பி, நிம்மதியில்.

எர்ணாவூரில் ரோஸ்மேரி என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர். தொண்ணூற்றொன்பதில் வாங்கியது. பேரைப் பார்த்து நான் அவர் சீட்டை அந்த எழுபத்தொன்றோடு வைத்தேன். டீச்சர் லீவுக்கு நாகர்கோவில் போயிருக்கிறார். வீட்டு வேலை செய்கிற செல்லம்மாவிடம் சாவி. செல்லம்மாவின் மகள் மங்கை பத்தாவது படிக்கிறாள், டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் டைப் அடித்துப் பழகுகிறாள். பூஜை நாளாச்சே, என் பிள்ளை படிக்கிற பொருளாச்சே என்று அந்தம்மா டீச்சர் வீட்டைக் கழுவிவிட்டு, பெட்டியை ஈரத் துணியால் துடைத்திருக்கிறார். அந்த வீட்டில் ஒயர் எப்போது மாறியதோ, எவன் மாற்றினானோ தெரியாது. மகள் சந்தனம் குழைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறாள். இறந்துவிட்டார் தம்பி. அந்த இடத்திலேயே.

மங்கை இன்று காலையில் கடைக்கு வந்தாள். பாதி ஷட்டர்தான் திறந்திருந்தது. பில் எடுத்து வரச் சொன்னார்களாம் ஸ்டேஷனில். குனிந்து உள்ளே வந்து என் மேஜை முன்னால் நின்று கேட்டாள்.

“சுவிட்சு ஆப்லதான்க்கா இருந்திச்சி. எங்கம்மா ரெண்டு வாட்டி பாத்துட்டுதான் கை வெச்சிச்சி. அப்பறம் எப்பிடிக்கா?”

எனக்குப் பதில் தெரியும். உலகத்திலேயே அந்தப் பதில் தெரிந்த பத்துப் பேரில் நான் ஒருத்தி. தெரியாதும்மா என்றேன். பில்லின் நகலைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தேங்க்ஸ்க்கா என்று போனாள்.

எழுபத்தொரு வீட்டுக்கு எழுபத்தொரு கார்டு போட்டிருக்கலாம். ‘ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள்’ என்று மூன்று வார்த்தை. ஒரு ராத்திரி வேலை. எனக்குத் தோன்றவே இல்லை. ஒயர் உன் தப்பு என்று உன்னை அந்தப் பேச்சுப் பேசினேனே, சீட்டைப் பிரித்தது யார்? வேலைக்காரம்மா எந்தச் சாமி கும்பிடுகிறார் என்று வீட்டுக்காரர் பேரை வைத்து எப்படித் தெரியும்? இது சின்னக் குழந்தைக்குத் தெரியாதா?

அண்ணாச்சி இரண்டு நாளில் ஐந்து கடையையும் மூடிவிட்டார். பூஜை விற்பனைக்குக் கட்டின மாவிலை அப்படியே இருக்கிறது. மதியம் என்னைக் கூப்பிட்டார். அறையில் லைட் போடாமல் உட்கார்ந்திருந்தார். “எவர்சில்வர் பாத்திரம் யாரையும் கொன்னதில்லையேம்மா” என்றார். ரொம்ப நேரம் அதையே சொன்னார். பிறகு, அந்தச் சீட்டெல்லாம் எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். இருந்தா எரிச்சிடும்மா, உன் தம்பி பேரும் அதுலதான் இருக்கு என்றார்.

எரிக்கத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். ரோஸ்மேரி டீச்சர் சீட்டில் உன் கையெழுத்துதான். நீ அழகாக ‘வ’ போட்டுக் கீழே கோடு இழுப்பாயே, அது. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எரித்தால் நீ தப்பித்துவிடுவாய். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் மிச்சம் எழுபது வீட்டு விலாசமும், ஒயர் போட்ட மற்ற பையன்கள் பேரும் இந்தச் சீட்டுகளில்தான் இருக்கிறது. போலீஸில் கொடுத்தால் முதலில் உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள். என்னால் முடிவு பண்ண முடியவில்லை. ரொம்பப் பயமாக இருக்கிறது. நீ சொல்லு.

எழில்


திருநெல்வேலி
31-10-2001

அக்கா,

எரிக்காதே.

மிச்சம் எழுபது சீட்டையும் முதலில் கிருஷ்ணப்பன் கையில் கொடு. நாளைக்கே கார்டும் போடு, மூன்று வார்த்தை போதும். வீடுகள் முடிந்த பிறகு மொத்தக் கட்டையும் ஸ்டேஷனில் கொடுத்துவிடு. மற்றக் கிளைகளின் வீட்டு விலாசமெல்லாம் போலீஸே அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கட்டும், நாம் கேட்டால் கொடுக்காதவர் அவர்களுக்குக் கொடுப்பார்.

கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு முதலில் நான் நினைத்தது செல்லம்மாவை இல்லை. எங்கே ஓடலாம் என்றுதான் நினைத்தேன். கேரளாவுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று பஸ் ஸ்டாண்டில் போய் விசாரித்தும் விட்டேன். உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அஜின் தேடிக்கொண்டு வந்தான். பாளையங்கோட்டையில் நாம் விட்டுவைத்த வீடுகளுக்கு அவன் காலையிலேயே கிளம்பிவிட்டானாம், இரண்டு வீட்டில் டெஸ்டர் எரிந்ததாம். கை பத்தவில்லை, வா என்றான். போனேன். இன்றைக்குப் பத்தொன்பது வீடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே முடிந்துவிடும்.

சீட்டைப் பிரித்ததை நீ சுமக்காதே. நல்ல யோசனை என்று நானும்தான் எழுதினேன். பிரிக்க வேண்டிய நிலைமை வந்ததே என் ஒயரால்தான்.

ஞாயிறு சாயங்கால வண்டியில் ஏறுகிறேன். திங்கள் காலை எழும்பூர். நீ வர வேண்டாம். அப்பாவிடம் நீயே சொல்லிவிடு, என்னால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது. ஸ்டேஷனில் கையெழுத்து யாருடையது என்று கேட்டால் என் தம்பியுடையது என்று சொல். தயங்காமல் சொல். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது அக்கா, ஆனாலும் சொல்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் மத்தியானம் போகிறேன். எழும்பூரிலிருந்து முதலில் எர்ணாவூர். மங்கை ‘அப்பறம் எப்பிடிக்கா’ என்று கேட்டாளே, அதற்கு யாராவது அவளிடம் பதில் சொல்ல வேண்டும். செல்லம்மா வீடு எங்கே இருக்கிறது என்று டீச்சர் வீட்டுப் பக்கத்தில் விசாரித்துக்கொள்கிறேன். டீச்சர் வீடு எனக்குத் தெரியும்.

வல்லரசு